வாளியில் மிதந்த சாவி

மச்சான்,

போன சனிக்கிழமை உன் சாவி வாளித் தண்ணீரில் மிதந்தது. பையைப் பார்க்காமல் என் மனைவி சட்டையை ஊற வைத்துவிட்டாள். பேனா முழுகிவிட்டது, மருந்துச் சீட்டு ஒன்று கூழாகிவிட்டது. நீ வலை மிதவையில் நைலான் நூல் கோத்துக் கட்டிக் கொடுத்த அந்தத் துருப்பிடித்த பீரோ சாவி மட்டும் நுரைக்கு மேலே ஜம்மென்று நின்றது. "எதையும் தொறக்காத சாவிய இன்னும் எத்தன வருஷந்தான் சுமந்துகினு திரிவீங்க?" என்று கேட்டாள். நான் அதை எடுத்துத் துடைத்து வேறு சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே உன் மகள் நிவேதா திருக்கழுக்குன்றத்தில் என் கிளினிக்குக்கு வந்து நின்றாள். கையில் எலாஸ்டிக் போட்ட நீலப் பைல். கண் சிவந்திருந்தது. முதல் நாள்தான் அவளுக்கு நேர்காணல். நான் படித்த அதே மருத்துவக் கல்லூரியில், பொது சுகாதார மேற்படிப்புக்கு. டாக்டர் படிப்புக்கு இப்போது நேர்காணலே கிடையாது, நீட் மதிப்பெண்ணோடு சரி. இந்த மாதிரிச் சில படிப்புகளுக்கு மட்டும் இன்னும் ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். "எல்லாம் போச்சு மாமா," என்றாள். பாவம் பெண் அழுகிறது, எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது. இதே மாதிரி ஒரு பைலைக் கட்டிக்கொண்டு இதே வார்த்தையை நான் உன்னிடம் சொன்னேனே.

கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆகிறது. செய்யூர் பக்கத்திலிருந்து வந்து, இதே ஊரில் அரசு விடுதியில் தங்கிப் பிளஸ் டூ படித்தவன் நான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே உங்கள் குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன் நீ. கெமிஸ்ட்ரி காலை வாரிவிட்டதும் நீ படகுக்குப் போய்விட்டாய். எனக்கு நேர்காணல் கடிதம் வந்தபோது, கட்டட வேலைக்குப் போகும் என் அப்பாவால் வேலையைப் பாதியில் விட்டு வர முடியவில்லை. "அதுக்கு இன்னா, நான் வரேன் வுடு," என்று மாமாவின் பேன்ட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினாய். அது உன் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏழை மக்களுக்குச் சேவை என்று நான் உருப்போட்டு வைத்திருந்ததற்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. "உங்க ஊர்ல பாம்பு கடிச்சா முதல்ல யார்கிட்ட போவாங்க?" என்று கண்ணாடி போட்ட டாக்டரம்மா கேட்டார். "மந்திரிக்கிறவர்கிட்ட மேடம்," என்றேன். "நீ டாக்டரா இருந்தா என்ன பண்ணுவ?" "மந்திரிக்கிறவரையும் அதே வண்டியில ஏத்திகினு ஆஸ்பத்திரிக்கு வருவேன் மேடம். வழியெல்லாம் மந்திரிச்சிகினு வரட்டும்." மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். நடுவில் இருந்த பெரியவர் முதலில் சிரிப்பை நிறுத்தி, "அது மூடநம்பிக்கைக்குத் துணை போற வேலை இல்லையா?" என்று பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தத் திமிர் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "அவரோட சண்டை போட்டா அரை மணி நேரம் போயிடும் சார். கடிபட்டவருக்கு அந்த அரை மணி நேரம் இல்ல," என்றேன். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் அவர் காகிதத்தைத் திருப்பி வைத்து, "சரி, நீ போகலாம்," என்றார்.

வெளியே வந்தால் நீ வேப்ப மரத்தடியில் ஒரு விசாரணைக் கமிஷனே நடத்திக்கொண்டிருந்தாய். உள்ளே போய் வந்த ஒவ்வொருவரையும் மடக்கி, "இன்னா கேட்டாங்க? நீ இன்னா சொன்ன? அப்ப அவுங்க மூஞ்சி எப்டி இருந்துச்சு?" என்று மூன்றே கேள்வி. எனக்கு முன்னால் போய் வந்த டை கட்டிய பையன், ஐந்தே நிமிஷத்தில் எக்ஸலென்ட் சொல்லி அனுப்பினார்கள் என்று பூரித்துப் போய் நின்றான். நான் அரை மணி நேரம் வாயாடிவிட்டு வந்திருந்தேன். "எல்லாம் போச்சுடா," என்றேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் நீ என்னை விடவில்லை. முதலிலிருந்து சொல்லச் சொன்னாய், பெரியவர் பேசியதை அவர் குரலிலேயே பேசச் சொன்னாய். முன் சீட்டில் இருந்த பூக்கார அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "பெரிய மனுஷனையாப்பா எதுத்துப் பேசின?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச உயிரும் போய்விட்டது. "நீ சும்மா இரும்மா," என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாய். "கரையில ஏலத்துக்கு வரானுங்க பாரு, அதுல 'நல்ல மீனு, நல்ல மீனு'ன்னு சொல்லிகினு நிக்கிறவன் கையில கூடையே இருக்காது மச்சான். செவுளத் தூக்கிப் பாத்து, இது நேத்து மீனுன்னு சண்ட போடறான் பாரு, அவன்தான் வாங்கறவன். அந்த டை கட்டினவன் செவுள எவனும் தூக்கிப் பாக்கல. சீட்டு உனுக்குத்தான்."

அதை வெறும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவும் எனக்கு வழி இல்லை. செங்கல்பட்டில் ஒரு பார்மசி டிப்ளமாவில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் வியாழக்கிழமை மூன்று மணிக்குள் டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் ஒரிஜினலாகக் கொடுத்தால் அது உறுதி. கொடுத்துவிட்டால் படிப்பு முடியும்வரை அவை அங்கேயே கிடக்கும், மருத்துவக் கல்லூரி கூப்பிட்டாலும் வெறுங்கையோடு போய் நிற்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருவனுக்கு. மருத்துவக் கல்லூரி முடிவோ பத்து நாள் கழித்துத்தான் வரும். ஆக, அந்த அரை மணி நேரம் எப்படிப் போனது என்பதை நான் ஒரே நாளில் தீர்மானித்தாக வேண்டும். "கையில கீறத வுட்டுட்டு நிக்க என்னால முடியாதுடா, பார்மசிக்கே போறேன்," என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். செய்யூருக்குக் கடைசி பஸ் போய்விட்டிருந்ததால் உன் வீட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் எழுந்தால் நீயும் இல்லை, பைலும் இல்லை. உங்கம்மா அடுப்படியிலிருந்து நிதானமாகச் சொன்னார்: "பைலு பீரோவுல கீதுப்பா. சாவி அவன் இடுப்புல கீது. அவன் கடல்ல கீறான். நீ நாஸ்தா துன்னு."

சாவி கடலில் விழுந்தாலும் முழுகக் கூடாது என்று வலை மிதவையை வேறு கட்டிக்கொண்டு போயிருக்கிறாயாம். அவ்வளவு முன்யோசனை! அந்தப் பச்சை பீரோவுக்கு எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். உன்னைத் திட்டாத திட்டு இல்லை. கரைக்குப் போய்ப் பார்த்தேன், உன் படகைக் காணோம். திரும்பி வந்து மறுபடி பீரோவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். உங்கம்மா குழம்பு ஊற்றிச் சோறு வைத்தார், அதையும் தின்றுகொண்டு திட்டினேன். செங்கல்பட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேரக்கூடிய கடைசி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது காதில் விழுந்தது.

நாலு மணிக்கு வந்தாய். படகு பத்து மணிக்கே அடுத்த குப்பத்தில் கரை ஏறிவிட்டது, நீ சவுக்குத் தோப்பில் படுத்துத் தூங்கிவிட்டு வந்திருக்கிறாய். சட்டை முதுகெல்லாம் மணல். காலரைப் பிடித்துக் கை ஓங்கினேன். "பத்து நாள் கழிச்சி அடி மச்சான். சீட்டு வரலன்னா நானே கையக் கட்டிகினு நிக்கிறேன்," என்றாய். ஒன்பதாவது நாள் கடிதம் வந்தது. உன்னை அடிக்கும் வாய்ப்பு போய்விட்டது.

நான் படிப்பை முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது உனக்குக் கல்யாணம். சீரோடு புது பீரோ வந்து இறங்க, பழைய பச்சை பீரோவைக் காயலான் கடைக்குத் தள்ளிவிட நாம் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அப்போது நீ ஒற்றை விரலால் கைப்பிடியை இழுத்தாய். கதவு 'கிரீச்' என்று திறந்துகொண்டது.

"நீ வந்து எதுருல குந்திகினு இருந்தியே, அதுக்கு முன்னாலயே லாக்கு கெட்டுப் பூட்ச்சி மச்சான்," என்றாய்.

"அடப்பாவி! பின்ன அந்தச் சாவி?"

"சாவி மட்டும்தான் இருந்துச்சு. ஒரே ஒரு தபா இழுத்திருந்தா பைலு உன் கையில. காலையிலேர்ந்து மொறச்சிப் பாத்துகினே இருந்தியாம், அம்மா சொல்லிச்சி. கையே வெக்கலியாமே?"

ஆமாம், அத்தனை மணி நேரம் திட்டினேனே தவிர ஒரு முறைகூட என் கை அந்தக் கைப்பிடிக்குப் போகவில்லை. "எனுக்கு மட்டும் அந்த டாக்டருங்க மனசுல இன்னா கீதுன்னு தெரியுமா?" என்றாய். "பஸ்ல நீ சொல்லும்போது உன் மூஞ்சியப் பாத்தேன். 'அரை மணி நேரம் இல்ல சார்'னு சொன்ன பாரு, அழுதுகினே சிரிச்ச."

"அப்ப அந்தச் செவுளு கதை?"

"அது மீனுக்கு மச்சான்," என்று சாவியை என் சட்டைப் பையில் போட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் வயிற்று ஸ்கேனை எடுத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பெரிய டாக்டரம்மாவைப் பார்க்க நான் மட்டும் உள்ளே போனேன். நீ வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். நான் வெளியே வந்ததும் அதே மூன்று கேள்வி. வைத்தியம் பண்ணலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரமா அனுப்பிச்சிட்டாங்களே. செவுளையே தூக்கிப் பாக்கல போலகீது," என்றாய். சொல்லிவிட்டு என் தோளைத் தட்டிக் கொடுத்தாய். நோய் உனக்கு, அழுதது நான். மூன்று மாதத்தில் போய்விட்டாய். அந்த ஒரு தடவையாவது உன் கணக்கு தப்பியிருக்கக் கூடாதா என்று எனக்கு இன்னும் உன் மேல் கோபம்தான்.

சரி, உன் மகள் கதைக்கு வருகிறேன். கண்ணைத் துடைக்கச் சொல்லிவிட்டு மூன்று கேள்வியையும் கேட்டேன். கர்ப்பிணிகள் இரும்புச் சத்து மாத்திரையை ஏன் தூக்கிப் போடுகிறார்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "எங்க குப்பத்துல விடிகாலையில வெறும் டீயக் குடிச்சிட்டு மீன் கூடையத் தூக்குறாங்க சார். அந்த வயித்துல மாத்திரை போட்டா வாந்திதான் வரும். அவங்க சாப்பிடுற நேரத்தக் கேட்டுகினு போய்க் குடுங்க," என்றிருக்கிறாள். "நர்ஸ் உங்க மீன் கரைக்கு வந்து காத்திருக்கணுமா?" என்று அவர் ஏறியிருக்கிறார். "ஆமா சார், நான் நிப்பேன்," என்று இவளும் ஏறியிருக்கிறாள். "வாய் நிக்கவே மாட்டேங்குது மாமா, அப்பா மாதிரியே," என்று மறுபடி அழுதாள். ஆனால் 'நான் நிப்பேன்' என்று சொன்னபோது அவள் மோவாய் மேலே போனதை நான் பார்த்துவிட்டேன். "உனக்குத்தான்," என்றேன்.

அவளுக்கும் ஒரு கெடு இருந்தது. படூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை தயாராக இருக்கிறது, திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரிஜினல்களைக் கொடுக்க வேண்டும், கொடுத்தால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப வாங்க முடியாது. கல்லூரி முடிவு வெள்ளிக்கிழமை. காலம் எவ்வளவோ மாறியும் ஒரிஜினலைப் பிடித்து வைக்கும் புத்தி மட்டும் மாறவில்லை. நான் பைலை வாங்கி, கிளினிக் பின்னறையில் இருக்கும் பீரோவில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பையிலிருந்து உன் சாவியை எடுத்து அவள் முகத்துக்கு நேரே ஆட்டினேன். "சாவி என்கிட்ட. திங்கக்கெழம நான் லேட்டாதான் வருவேன்." அவள் மிதவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பஸ் ஏறப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே கிளினிக்கைத் திறந்து வைத்துவிட்டு நான் எதிர் டீக்கடையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஐம்பதை நெருங்கும் டாக்டர் செய்கிற வேலையா இது! ஒன்பது மணிக்கு வந்தாள். உள்ளே போனவள் இரண்டே நிமிஷத்தில் பைலும் கையுமாக வெளியே வந்தாள். நேராக ரோட்டைத் தாண்டி வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு டீ சொல்லுங்க மாமா. இந்தக் கதைய அப்பா ஆயிரம் வாட்டி சொல்லிட்டாரு."

"அப்ப ஆஸ்பத்திரிக்குக் குடுக்கப் போறியா?"

"அவங்களுக்கு நேத்தே போன் பண்ணி வரலன்னு சொல்லிட்டேன்."

"பின்ன எதுக்கும்மா பைல எடுத்த?"

"ஜெராக்ஸ் எடுக்கத்தான். காலேஜுல சேரும்போது ரெண்டு செட் கேப்பாங்களாமே."

டீயை ஊதுவது போல் குனிந்துகொண்டேன். அவள் கையை நீட்டி, "அந்தச் சாவியக் குடுங்க மாமா, அப்பாவோடது," என்றாள்.

"முடியாது," என்றேன். "உனக்கு அவன் மூக்கு கீது, அவன் வாயி கீது, அவன் திமிரு மொத்தமும் கீது. எனக்கு இது ஒண்ணுதான் கீது."

சிரித்துக்கொண்டே அழுதாள், மச்சான். உன்னைக் கேட்காமலே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பட்டியல் போடுகிறார்கள். பார்க்க நானும் அவளோடு போகிறேன், சாவி இருக்கும் இதே சட்டையைப் போட்டுக்கொண்டு.