கஞ்சி குடித்த ஆந்தூரியம்

இன்று காலை உன் வீட்டுக்காரர் என் வாசலில் வந்து நின்றார். அவருக்கு முன்னால் புளித்த கஞ்சி வாசனை உள்ளே வந்துவிட்டது. தறிக்குப் போகிற பட்டுப் பாவு நூல் விறைப்பாக நிற்க அரிசிக் கஞ்சி போடுகிற தெருவில் அந்த வாசனை யாருக்கும் புதிதில்லை. ஆனால் இன்று அது ஒரு பூந்தொட்டியிலிருந்து வந்தது.

"என்னாமா, இவ தலைய தொங்கப் போட்டுக்கினு இருக்குறா. கொஞ்சம் பாரேன்."

இவள் என்றது உன் ஆந்தூரியம் செடியை.

"இதுக்கு என்னாண்ணா ஊத்துனீங்க?"

"பாவுக்குப் போட்டது போவ மீந்த கஞ்சிதாம்மா. நூலே அத குடிச்சிட்டு எப்படி விறைப்பா நிக்குது!"

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நானும் சிரிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் மஞ்சளாகிப்போன இலைகளுக்கு நடுவில் அந்த மொட்டைப் பார்த்தேன். நீ காத்திருந்த மொட்டு.

ஏனாத்தூர் போகிற வழியில் ஒரு நர்சரியில் பெயர்ச்சீட்டு இல்லாமல் கிடந்த இதை நீ தூக்கி வந்த நாள் நினைவிருக்கிறதா? பார்த்தவுடனே இது பிலோடென்ட்ரான் என்று தீர்ப்புச் சொன்னவள் நான். எனக்குத் தெரிந்த ஒரே பெரிய செடிப்பெயர் அதுதான். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே சொல்லி முடித்துவிட்டேன். நீ என் கட்டைவிரலைப் பிடித்து, காம்பு இலையைத் தொடுகிற இடத்தில் வைத்தாய். "தொட்டுப் பாருடி. முழங்கால் மாதிரி முட்டிக்கினு இருக்குதா? நீ சொல்ற செடிக்கு இது கிடையாது. இது ஆந்தூரியம்." மறுநாள் வீடு வீடாகப் போய் என் தீர்ப்பை நானே வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

குடும்பம் தெரிந்தது, அதில் இவள் எந்த வகை என்பதுதான் தெரியவில்லை. வெல்வெட் இலையும் வெள்ளி நரம்புமாக இதே முகத்தோடு இரண்டு மூன்று இருக்கின்றன. நீ இலையைப் புடவை போலப் பின்பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாய். "பூக்கட்டும். பூவ மூடுற பாளை என்னா நிறம், நடுவுல நிக்கிற தண்டு என்னா நிறம்னு பாத்தா சொல்லிடலாம்." பூப்பதற்குள் நீ போய்விட்டாய்.

தொட்டியை ஒரு முறத்தில் கவிழ்த்தேன். வேரெல்லாம் பழுப்பாகி, தொட்டால் தோல் கழன்று வந்தது. கெட்டியாக இருந்தவை கொஞ்சம்தான். அவர் கண் வேரில் இல்லை.

"மொட்டு பாத்தியா? பேரு தெரிஞ்சுடுமில்ல?"

"அண்ணா, மொட்ட எடுத்துடணும். இருக்குற தெம்பையெல்லாம் அது உறிஞ்சிடும்."

"எடுக்குறதா? இதுக்காகத்தாம்மா ஊத்துனேன்!" குரல் ஏறியது. "அவ கடைசி வரைக்கும் கேட்டுக்கினு இருந்த பேரு. அது தெரியட்டும். அப்புறம் செடி போனா போவட்டும்."

என் கையில் பிளேடு. வெட்டினால் உன் கேள்வி அப்படியே நிற்கும். வெட்டாவிட்டால் உன் செடி போய்விடும். அவரோ மொட்டுக்கு முன்னால் உள்ளங்கையைக் குவித்து, காற்றில் விளக்கு அணையாமல் காப்பவரைப் போல உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் முதல் மொட்டின் ஞாபகம் வந்தது. தொட்டி மாற்றிய புதிதில் வந்தது. நீ அதை நகத்தால் கிள்ளி எறிந்தாய். நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. "கத்தாதடி. வேரு புடிக்காதவளுக்குப் பூ எதுக்கு? பேரு எங்க ஓடிடப் போவுது?" என்றாய்.

அதை அவரிடம் சொன்னேன்.

"அவளா? அவளே கிள்ளிட்டாளா?"

"என் கண்ணு முன்னாலண்ணா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே." குவித்திருந்த உள்ளங்கையைப் பிரித்தார். பிறகு கையை நீட்டினார். "குடு. நானே எடுக்குறேன்."

புடவையில் பிசிறு நூலை அறுக்கிற கை அது. இன்று அது ஒரு கணம் நின்றது. மொட்டு என் முறத்தில் சத்தமில்லாமல் விழுந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பொழைக்குமாம்மா?"

"தெரியலண்ணா. புது வேர் விடணும்."

"வந்து பாத்துக்கினு போலாமில்ல?"

"வாங்க. கஞ்சி இல்லாம வாங்க."

சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அழுகிய வேரை நறுக்கிவிட்டு, தேங்காய்மட்டைத் துண்டும் கரியும் போட்டு, வெயில் நேரே படாத என் சமையலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன். மிஞ்சியது இரண்டு இலை. பிழைப்பாள் என்று உனக்குச் சத்தியம் செய்ய மாட்டேன். என் தீர்ப்புகளின் லட்சணம் உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்தில்கூட அலங்காரத் தொட்டியைக் கண்டால் என் கட்டைவிரல் தானாக இலையடிக்குப் போய்விடுகிறது. பிள்ளைகள் மானம் போகிறது என்கிறார்கள்.

இதை எழுதும் நடுவில் எழுந்துபோய் உன் செடியின் முழங்காலைத் தொட்டுவிட்டு வந்தேன். இன்னும் துவளவில்லை.