பல்லவர்களும் ஊமைக்கோட்டானும்

ஜூன் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தேன். முதல் வார்த்தையிலேயே பேனா நின்றுவிட்டது. நலமாக இருந்தால் நான் ஏன் மனநல மருத்துவமனையில் வந்து படுத்திருக்கப் போகிறேன்? அதனால் அதை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதுகிறேன்.

வாசலிலேயே போனை வாங்கி, உறையில் போட்டு ஒட்டி, அதன்மேல் என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆறு வாரம் கழித்துத்தான் திரும்பத் தருவார்களாம். அதுவரை கடிதம் எழுதலாம். மூன்றாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, நான் பெயர் கொடுத்தவர்கள் மட்டும் வந்து பார்க்கலாம். மூன்று நாளாக என் கை தானாகவே பையைத் துழாவுகிறது. என் அறையில் இருக்கிற கணக்கு டீச்சர் பார்த்துவிட்டு, "என்னம்மா, பை ஓட்டையா?" என்று கேட்டார்.

நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அவருக்கென்று எழுதினால் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது. உனக்கே எழுதுகிறேன். தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

மேஜைக்கு மேலே போனை மாட்டி, நான் பல்செட் செய்வதை லைவ் போட ஆரம்பித்தபோது பார்த்தவர்கள் பதினோரு பேர். பிளாஸ்டர் அச்சு, மெழுகு, அதில் ஒவ்வொன்றாகப் பல் நடுகிற என் இரண்டு கைகள், அவ்வளவுதான் தெரியும். முகமும் இல்லை, பேச்சும் இல்லை. திக்குவாய்க்காரிக்கு இதைவிடத் தோதான இடம் உண்டா? ஒரு வருஷத்தில் அது ஒன்பதாயிரம் பேரானது. தங்களுக்குத் தாங்களே 'பல்லவர்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், வேலை போய் வீட்டோடு இருக்கிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள். "உங்க கையைப் பாத்தா மனசு அடங்குதுக்கா" என்று எழுதுவார்கள். என் மனசும் அடங்கியது, பொய் சொல்லமாட்டேன்.

பிறகு மே மாதம் அந்த மத்தியானம். யாரோ ஒருவர், இவர் ஏன் பேசுவதே இல்லை என்று கேட்டார். பெயருக்குப் பதில் வெறும் எண் வைத்திருந்த ஒருவர் பதில் போட்டார்: "அது ஊமைக்கோட்டான், பேசாது." அடுத்த பத்து நிமிஷத்தில் எல்லாரும் அதையே எழுதினார்கள். மறுநாள் கோட்டான் படம் வரைந்து ஒட்டினார்கள். அதற்கு மறுநாள் திமிர் பிடித்தவள் என்றார்கள். வாயைத் திற, இல்லாவிட்டால் போகிறோம் என்றார்கள். நிஜமாகவே எண்ணிக்கை குறைய ஆரம்பித்தது. நான் தூங்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் நாள், ஒரு வணக்கமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். 'வ'விலேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அந்த வீடியோவை வெட்டி எடுத்துப் பரப்பியவர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள், பதினேழு நொடியாம்.

இப்போது உனக்கு மூன்று வேலை. பஸ் கண்டக்டராக இருந்தாரே, அந்தப் பெரியவருடைய அச்சை வேறு லேபில் கொடுத்துவிடு, பாவம், பல்லில்லாமல் காத்திருக்கிறார். இரண்டாவது, அந்தச் சேனலை அடியோடு அழித்துவிடு. பாஸ்வேர்ட் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மூன்றாவது, குச்சி வந்தால் உள்ளே விடாதே. ஊமைக்கோட்டான் என்பது அம்மா எனக்கு வைத்த செல்லப்பெயர். அம்மா போனபிறகு அதைத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: நீ, நான், ஆறாம் வகுப்பிலிருந்து என் சிநேகிதியாக நம் வீட்டிலேயே கிடந்த குச்சி. நீ செய்யமாட்டாய். அப்படியானால் யார்?

உன் தங்கை

ஜூன் 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். எதிர்வீட்டுக்காரர் நான் கீழே விழுந்துவிட்டேன் என்று நினைத்துத் தூக்கிவிட வந்தார்.

கண்டக்டர் வேலை முடிந்தது. வேறு லேபில் செய்த பல்லை மாட்டிக்கொண்டு நேற்று நம் வீட்டுக்கே வந்து நின்றார். "சிரிச்சா குதிரை மாதிரி இருக்கு தம்பி, உங்க தங்கச்சி எப்ப வருவாங்க?" என்று கேட்டார். சிரிக்காமல் இருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கும் வேலை அதிகம். நான் ரிப்பேர் பார்க்கிற அரசு மருத்துவமனை லிஃப்ட் ஒன்று இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறது. அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

குச்சி வந்தாள். நீ சொன்னபடி வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். நீ ஊரில் இல்லை, பார்க்க முடியாது என்று சொன்னேன். அவள் ஒன்றும் வாதாடவில்லை. "சாப்பிடுறாளா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிடுகிறாள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மனசே சரியில்லை. அவளாக இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? கோட்டான் என்பது அகராதியில் இருக்கிற வார்த்தைதானே, யாருக்கு வேண்டுமானாலும் தோன்றியிருக்கும்.

சேனலை இன்னும் அழிக்கவில்லை. அதில் எந்தப் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவசரப்படாதே. நன்றாகத் தூங்கு. நீ அங்கே சாப்பிடுகிறாயா என்று எனக்கும் எழுது. குச்சியிடம் நான் குத்துமதிப்பாகத்தான் சொன்னேன்.

அண்ணன்

ஜூன் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாப்பிடுகிறேன். ஆறு மணி நேரம் தூங்குகிறேன். கணக்கு டீச்சர் குறட்டை விடுகிறார். அதையும் மீறித் தூங்குகிறேன் என்றால் பார்த்துக்கொள்.

இங்கே தினமும் காலையில் இன்னும் எட்டுப் பேரோடு வட்டமாக உட்கார்ந்து பேசவேண்டும். முதல் வாரம் நான் வெறுமனே தலையாட்டிக்கொண்டு இருந்தேன். நேற்று என் முறை வந்தபோது, என்ன வேலை செய்கிறேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். 'பல்செட்' என்ற ஒரு வார்த்தைக்கே பாதி ஆயுள் போனது. எட்டுப் பேரும் சும்மா இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. கீழே கமெண்ட் எதுவும் ஓடவில்லை. எவ்வளவு பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று நான் எண்ணிப் பார்த்தேன். எட்டுப் பேரும் இருந்தார்கள். அறைக்கு வந்து அழுதேன், ஆனால் நல்ல அழுகை.

பல்லவர்களை நினைத்தால் இரண்டு விதமாகவும் இருக்கிறது. அவர்கள்தான் என்னைத் தினமும் எழுப்பி உட்காரவைத்தார்கள், அவர்கள்தான் தூக்கத்தையும் பறித்தார்கள். டாக்டரம்மாவிடம் சொன்னேன். இரண்டும் உண்மையாக இருக்கட்டுமே, என்ன அவசரம் என்றார்.

நீ குச்சிக்கு வக்காலத்து வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. முகம் தெரியாத ஒன்பதாயிரம் பேர் சொன்னதை நான் தாங்கிக்கொள்வேன். என் தட்டிலேயே சாப்பிட்டு வளர்ந்தவள் அதை அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவளுக்கு ஒரு கடிதம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவள் வீடு மாறியபிறகு கதவு எண் எனக்குத் தெரியாது. நீயே முகவரி எழுதித் தபாலில் போட்டுவிடு. உறையை ஒட்டவில்லை, வேண்டுமானால் படித்துப் பார். இனி என் முகத்தில் விழிக்காதே என்பதைத்தான் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன். கிடைத்த அன்றைக்கே போட்டுவிடு.

உன் தங்கை

ஜூன் 20

அன்புத் தங்கைக்கு,

குச்சிக்கு நீ எழுதிய கடிதத்தைப் படித்தேன். அதைத் தபாலில் போடவில்லை. போடவும் முடியாது. அது எனக்கு வரவேண்டிய கடிதம்.

ஊமைக்கோட்டான் என்று எழுதிய அந்த எண் நான்தான். பயிற்சி வீடியோ பார்ப்பதற்கு என்று எங்கள் லிஃப்ட் கம்பெனி எல்லாருக்கும் ஆன்லைனில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தது, அதில் பெயர் இருக்காது, பணியாளர் எண் மட்டும்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது ஒரு கட்டடத்தின் மோட்டார் அறையில் உட்கார்ந்து, அதில் தினமும் உன்னைப் பார்ப்பேன். உன்னிடம் சொன்னதில்லை. அண்ணன் பார்க்கிறான் என்று தெரிந்தால் உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்கும் கூச்சம்தான்.

அன்றைக்கு ஒருவர் மாற்றி ஒருவர், ஏன் பேசவில்லை, ஏன் பேசவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். உன் கை மெழுகுக்கத்தியோடு ஒரு நொடி நின்றது. அது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்று தோன்றியது. வீட்டில் நானோ குச்சியோ உன்னைக் கேள்வியால் துளைத்தால் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாளே, அதே வார்த்தையை அப்படியே தட்டிவிட்டேன். அம்மா சொன்னபோது அது செல்லம். நீயும் சிரிப்பாய் என்றுதான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன்.

அம்மாவின் குரலை அதில் எப்படி அனுப்ப முடியும்? வெறும் எழுத்துத்தான் போனது. பத்து நிமிஷத்தில் அது என் வார்த்தையாக இல்லை. நிறுத்துங்கள் என்று எழுதினேன், அது எங்கேயோ அடியில் போய்விட்டது. மறுபடி எழுதினேன். என்னையும் திட்டினார்கள். போனை மூடி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் பதின்மூன்று நாள் உன் எதிரில் உட்கார்ந்து, ஏன் தூங்கவில்லை, ஏன் சாப்பிடவில்லை என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். நீ குச்சியைச் சொன்னபோது, ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இதை எழுதுவதற்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

சேனலை அழிக்கத் தெரியவில்லை என்று எழுதியதும் பொய். லிஃப்டையே பிரித்து மாட்டுகிறவனுக்கு ஒரு பட்டன் தெரியாதா? இரண்டு தடவை கை வைத்தேன். அழித்தால் நான் எழுதியதும் சேர்ந்து அழிந்துபோகும், நான் தப்பித்துவிடுவேன். அதனால் விட்டுவிட்டேன். அதை என்ன செய்வது என்று நீ வந்து முடிவுசெய்.

குச்சியைப் போய்ப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "இதை நீங்க எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம், அவகிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு, அம்மாடி.

அண்ணன்

ஜூலை 2

அன்புத் தங்கைக்கு,

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமையில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். வாசலில் இருக்கும் காவல்கார அம்மா பட்டியலைப் பார்த்துவிட்டு, அண்ணன் என்று யாரையும் எழுதவில்லையே என்றார். சரி என்று திரும்பிவிட்டேன். கொண்டுவந்த மாற்றுத் துணிகளை மட்டும் அவரிடம் கொடுத்தேன். வந்து சேர்ந்திருக்கும்.

வேறு விசேஷம் இல்லை. கோபம் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். தூக்கத்தை மட்டும் விட்டுவிடாதே.

அண்ணன்

ஜூலை 9

அண்ணாவுக்கு,

துணி வந்தது. இரண்டு வெவ்வேறு ஜோடிக் காலுறையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறாய். கணக்கு டீச்சர் இதை எப்படி வகுத்தாலும் மீதி வருகிறதே என்றார்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் உன்னைத் திட்டி ஆறு பக்கம் எழுதினேன். டாக்டரம்மா அதை வாங்கிப் படித்துவிட்டு, அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதில் இருந்தது முக்கால்வாசியும் குச்சிக்கு எழுதியதேதான், பெயரை மட்டும் மாற்றியிருந்தேன். யாராவது ஒருவர்மேல் அதைப் போட்டாகவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

குச்சியின் முகவரியை டாக்டரம்மாவிடம் தேடச் சொல்லி, அவளுக்கு நானே எழுதினேன். போன ஞாயிறு வந்தாள். இரண்டு பேரும் பேசியதைவிட அழுததுதான் அதிகம். அன்றைக்கு லைவ் ஓடிய நேரத்தில் அவள் பல் பிடுங்கிக்கொண்டு படுத்திருந்தாளாம். உன் மேஜைக்கு வராமல் போன ஒரே பல் என்று சிரித்தாள். அவளை நான் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் தீர்ப்பு எழுதியிருக்கிறேன். அந்த ஒன்பதாயிரம் பேர் எனக்குச் செய்ததைத்தான் நான் அவளுக்குச் செய்தேன். அவள் பெரிய மனசுக்காரி.

சேனலை அழிக்கவேண்டாம். டாக்டரம்மாவும் நானும் அவர் போனில் சேர்ந்து உட்கார்ந்து கொஞ்சம் படித்தோம். நான் நினைத்ததைவிட மோசமாகவும் இருந்தது, நல்லதாகவும் இருந்தது. அந்தக் கோட்டான் படத்தை வரைந்த பெண்ணே, இது இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது அக்கா என்று எழுதியிருக்கிறாள். தன் மகனும் 'வ'வில்தான் நிற்பான், அந்தப் பதினேழு நொடியை அவனோடு சேர்ந்து பார்த்தேன் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம் மட்டும், வேலை முடிகிறவரை கமெண்டை மூடிவைத்து நடத்தப்போகிறேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணை நான் பார்க்காதபடி குச்சி ஏதோ செய்து தருகிறேன் என்றாள். மேலே நானே எழுதிவைப்பேன்: எனக்குத் திக்குவாய், அதனால்தான் பேசுவதில்லை. இந்த ஒரு வரியை நான் முதல் நாளே எழுதியிருக்கலாம்.

இனி உன் விஷயம். உன்னை இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. காலையில் டீ குடிக்கும்போது கோபம் வருகிறது, குளித்ததும் பாதி போய்விடுகிறது. நீ எழுதிய வார்த்தையைப் பற்றிப் பலமுறை யோசித்தேன். அதைவிடப் பெரிதாக இன்னொன்று தெரிந்தது. கடைக்காரர் என்னைக் கேட்டால் நீ பதில் சொல்வாய். டீச்சர் கேட்டாலும் நீதான். டாக்டர் எனக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டாலும் நீதான் சொல்வாய். நான் பாதியில் நிற்கும்போது மீதியை எடுத்துக் கொடுத்துவிடுவாய், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பாசத்தில்தான் செய்தாய், அது எனக்குத் தெரியும். அன்றைக்கும் அதையேதான் செய்தாய். என்னைக் கேட்டார்கள், நீ பதில் சொன்னாய்.

வாசலில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வா. உன்னிடம் சொல்ல ஒன்று இருக்கிறது. அதை எழுதப்போவதில்லை, வாயால் சொல்லப்போகிறேன். ரொம்ப நேரம் ஆகும். நான் எங்கே நின்றாலும், என்ன சொல்லவருகிறேன் என்று உனக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், நான் முடிக்கிறவரை நீ சும்மா உட்கார்ந்திரு.

உன் தங்கை