உங்கள் இலையில் இனி சிகரெட் கிடையாது

என்னங்க,

வரும் வியாழக்கிழமை உங்களுக்கு மூன்றாம் வருஷப் படையல். அதற்குள் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுதக் கை கூசுகிறது. இருந்தும் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். மறைத்து மறைத்து என்மேல் எனக்கே அருவருப்பு வந்துவிட்டது.

நான் சிகரெட் குடித்தேன்.

கோப்பெங் தோட்டத்து ஆபீஸ் முடிந்து நீங்கள் வந்ததும், வாய் கொப்பளிக்காமல் உள்ளே விடாதவள் நான். உங்கள் சட்டையைத் தனி வாளியில் ஊறவைத்தவள். கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் தினமும் பார்த்துப் பாராட்டிய நகம் மஞ்சளாகிவிட்டது. எலுமிச்சம்பழத்தால் தேய்த்தேன், நிறமும் போகவில்லை, நாற்றமும் போகவில்லை. சீ!

முதல் வருஷப் படையலில்தான் ஆரம்பித்தது. நுரையீரல் கெட்டுப் போனவருக்கு சிகரெட் எதற்கு என்றேன். "அண்ணனுக்குப் புடிச்சத வைக்காம எப்படி அண்ணி?" என்று உங்கள் தங்கை லெட்சுமி அழுதாள். பற்றவைத்துத்தான் வைக்க வேண்டுமாம். இழுக்காமல் அது பற்றுமா? இழுத்தேன். குமட்டியது. ஆனால் கண்ணை மூடியபோது நீங்கள் பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

அதன் பிறகு நாலு மணியானால் காது உங்கள் மோட்டார் சைக்கிள் சத்தத்தைத் தேடும். சத்தம் வராது. கை சிகரெட் டப்பாவுக்குப் போகும். கோப்பி குடிக்க உட்கார்ந்தால் இரண்டு சிகரெட்.

போன வருஷம் நடந்ததுதான் கேவலம். காக்கைக்குச் சோறு வைக்க எல்லோரும் பின்பக்கம் போனார்கள். நான் உங்கள் இலையில் புகைந்துகொண்டிருந்ததை எடுத்துக் குடித்துவிட்டேன். உங்கள் எச்சிலாக நினைத்தேனா, என் பசியா, தெரியவில்லை. லெட்சுமி திரும்பி வந்து சிகரெட் துண்டைப் பார்த்தாள். "அண்ணே வந்து குடிச்சிட்டுப் போயிருக்காரு லா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வாயில் புகையோடு நானும் கும்பிட்டேன்.

இரண்டு மாதத்துக்கு முன் அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"அண்ணி! நீங்களா? அண்ணே வந்தாருன்னு ஈப்போ முழுக்க சொல்லிட்டேனே, என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

"என் மூஞ்சி மட்டும் என்ன வாழுதாம்?"

முறைத்தாள். பிறகு, "தனியா உக்காந்தாதானே கை போவுது. நாலு மணிக்கு நம்ம வீட்டுக்கு வந்திருங்க. கோப்பி கெடையாது, பார்லி தண்ணிதான்" என்றாள்.

தினமும் போகிறேன். பார்லித் தண்ணீர் சகிக்கவில்லை. ஆனால் அவள் பேச்சில் உங்கள் மோட்டார் சைக்கிளே வந்தாலும் காதில் விழாது. டப்பாவைத் தொட்டு நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. உங்களைக் கொன்றதையே முத்தமிட்டுக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால் இன்னும் எழுந்துபோய் வாய் கொப்பளிக்கிறேன்.

வியாழக்கிழமை ஆட்டுக்கறி, வடை, பாயசம் எல்லாம் உண்டு. சிகரெட் கிடையாது. இந்த வருஷமும் இல்லை, நான் இருக்கும்வரை எந்த வருஷமும் இல்லை. கோபமிருந்தால் நாலு மணிக்கு லெட்சுமி வீட்டுக்கு வந்து கேளுங்கள்.

வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

அன்றும் இன்றும் உங்கள் வீட்டுக்காரி,
சரோஜினி