முன்னோட்டத்தை நம்பி ஓடிய பிரஸ்

காலையில் கணினியைத் திறந்ததும் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. நம் கேமராவுக்கான மென்பொருள் லைப்ரரியின் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. நாம் முன்னோட்டமாக எடுத்து ஓட்டிய வசதி இப்போது முறையாக வெளியாகிவிட்டதாம். உன்னிடம் சொல்லத் திரும்பினேன். உன் நாற்காலியில் யாரோ ஹெல்மெட்டை வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே வைத்தேன். எரிச்சலாக வந்தது.

உனக்கு எதிலும் அவசரம். தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ்ஸுக்குள் கை போனால் கேமரா பார்த்து மெஷினை நிறுத்த வேண்டும். கும்மிடிப்பூண்டி ஆலைக்கு வந்ததும் நமக்குக் கொடுத்த வேலை அது. கையைக் கண்டுபிடிக்கும் வசதி லைப்ரரிக்குள் தயாராக இருந்தது. நாம் எழுதும் பைத்தான் நிரலிலிருந்து அதைக் கூப்பிடும் இணைப்புதான் இன்னும் வெளியாகவில்லை. சோதனைக்கு மட்டும், எப்போது வேண்டுமானாலும் மாறும் என்று எழுதியே வைத்திருந்தார்கள். "வெளிய வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தா எவ கையாவது போய்டும்டி" என்றாய். முன்னோட்டத்தையே எடுத்து இருவரும் பிரஸ்ஸில் ஏற்றினோம். கொஞ்ச நாள் நன்றாகவே ஓடியது.

பிறகு அவர்கள் அடுத்த முன்னோட்டத்தை விட்டார்கள், நீ ஏற்றினாய். பிழை எதுவும் வரவில்லை, திரை முழுக்கப் பச்சை. நம் லைனில் எது மாறினாலும், மணல் அடைத்த கையுறையைக் குச்சியில் மாட்டி முதலில் உள்ளே நீட்டுவது வழக்கம். பிரஸ் ஓட்டும் எஸ்தர் அக்கா நீட்டினார். பிரஸ் நிற்கவில்லை. டொம்மென்று இறங்கியது. கையுறை கிழிந்து மணல் நம் காலடி வரை சிதறியது. அக்கா வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இணைப்பில் ஒரு கட்டளையின் பெயரை மாற்றியிருந்தார்கள். நாம் கொடுத்த பழைய பெயரை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் அது சும்மா இருந்துவிட்டது.

நீ மெயின் சுவிட்சில் உன் பூட்டைப் போட்டாய். பூட்டியவர்தான் திறக்க வேண்டும் என்பது இங்கே விதி. மேனேஜர் ஓடி வந்தார்.

"லோடு நிக்குதும்மா. பேஜாரு பண்ணாத, தொற."

"தொறக்க மாட்டேன் சார். எனுக்கே பயமா கீது."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாய். அன்றைக்குத்தான் உன்னை எனக்கு ரொம்பப் பிடித்தது.

போன ஆடியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. இன்று புதுப் பதிப்பை, என்னைக் கேட்காமலே பிரஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். அதிலும் சில பெயர்கள் மாறியிருக்கின்றன. நான் பாதிகூடப் படிக்கவில்லை.

"அதான் ரிலீஸ் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு கையுறை? ஓட்டச் சொல்லு" என்றார் மேனேஜர்.

எஸ்தர் அக்கா அவரைப் பார்க்கவில்லை. முன்பு உன்னைக் கேட்பது போல என்னைக் கேட்டார்.

"இன்னா கண்ணு, கை வுடலாமா?"

"வேணாங்க்கா. இருங்க."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்தப் பயத்தைத்தான். அக்கா பிரஸ்ஸின் சுவிட்சை அணைத்தார். முந்தானையில் இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனார்.