காரம் போடாத வெங்காய டிப்

அண்ணி,

இன்று காலையிலிருந்து வீடு முழுக்க வெங்காயம் வதங்கும் வாசனை. போன வாரம் உங்கள் மகள் போன் செய்தாள். "அத்தை, எனக்கும் பிரஷர் வந்துடுச்சு லா. உப்பு குறைக்கணுமாம், கொழுப்பு குறைக்கணுமாம். அம்மா செய்வாங்களே ஒரு டிப், அதையாவது சாப்பிடலாமா?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, செய்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அடுப்பின் முன்னால் நின்றபோதுதான் கை ஓடவில்லை.

அந்த டிப் பினாங்கில் நம் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்ததே என்னால்தான். ஆபீஸ் விருந்துக்கு மேனேஜரின் வெள்ளைக்கார மனைவி கொண்டுவந்திருந்தாள். பாக்கெட் வெங்காய சூப் தூளைப் புளித்த கிரீமில் கலக்கி, உருளைக்கிழங்கு சிப்ஸால் அள்ளித் தின்பது. நான் வீட்டுக்கு வந்து பெருமையடித்தேன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாத நீங்கள், "வெங்காயத்த வதக்கித் தயிர்ல போட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு பாக்கெட்டு?" என்று கேட்டீர்கள்.

தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டீர்கள். ஐந்து பெரிய வெங்காயம், ஒரே ஒரு கரண்டி எண்ணெய், சின்னத் தீ. அடிப்பிடிக்கும்போது தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிடுவீர்கள். முக்கால் மணி நேரத்தில் வெங்காயம் புளி நிறத்துக்கு வந்து இனிக்கும். கடைசியில் தயிரில் சேர்த்து, மிளகைத் தட்டிப் போடுவீர்கள். நான் அதை டப்பாவில் ஆபீசுக்குக் கொண்டுபோய், நானே செய்தேன் என்று சொல்லிக்கொண்டேன். அந்த வெட்கங்கெட்ட வேலையும் செய்திருக்கிறேன்.

பிறகு உங்களுக்கு ரத்த அழுத்தம் என்றார்கள். கிளினிக்குக்கு வரச்சொல்லிக் கார்டு வந்தது. "அவளுக்கு மலாய் வராது, நீ கூடப் போ லா" என்றார் அண்ணன். அரைநாள் லீவு எடுத்தேன். கிளினிக் வாசல்வரை வந்து, "உள்ள போய்க் கார்டக் குடுங்க அண்ணி, மத்தத அவங்களே பாத்துக்குவாங்க" என்று உங்களைத் தள்ளிவிட்டு, பினாங்கு ரோட்டில் ஆபீஸ் பெண்களோடு படம் பார்க்கப் போய்விட்டேன். படம் ஒரு சாக்குதான். எண்ணெய் வழிய வாரிய தலையும் ஏற்றிச் செருகிய சேலையுமாக வந்த உங்கள் பக்கத்தில் உட்கார எனக்கு மானம் போனது. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நர்சு மிஸ்ஸி கைய ஆட்டி ஆட்டிச் சொல்லுச்சு, காரமே கூடாதாம்" என்று நீங்கள் அண்ணனிடம் சொன்னீர்கள். மறுநாளே மிளகாய் டப்பா பரணுக்குப் போனது. டிப்பில் மிளகு நின்றது. ஆனால் கரித்தது. என்ன அண்ணி இது என்றேன். "காரமில்லாம நாக்கு செத்துப்போச்சு. உப்பாச்சும் தூக்கலா இருக்கட்டும்" என்றீர்கள். நானும் பிஸ்கட்டில் தடவித் தடவித் தின்றேன்.

மூன்று மாதம் கழித்துப் போனபோது அழுத்தம் இன்னும் ஏறியிருந்தது. அன்றைக்கு மட்டும் நான் கூட இருந்தேன். இன்னும் கராம் சாப்பிடுகிறாயா என்று மிஸ்ஸி மலாயில் கேட்டாள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "கராம் தாடா! மூணு மாசமா தாடா!" என்றீர்கள். இல்லவே இல்லையாம்! எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலாயில் கராம் என்றால் உப்பு. உங்கள் காதில் அது நம் ஊர்க் காரமாக விழுந்திருக்கிறது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்தேன், அண்ணி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மிஸ்ஸிக்கு விளக்கிச் சொன்னேன், அவளும் சிரித்தாள், பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் நீங்களும் சிரித்தீர்கள்.

சாயங்காலம் அண்ணன் குதித்தார். "உப்புக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தெரியாத முட்டாளா நீ?" என்று உங்களை ஏசிவிட்டு என் பக்கம் திரும்பினார். "மொத தடவ நீயும் போனியே, எடுத்துச் சொல்லலையா?" நீங்கள்தான் என் முகத்தைப் பார்க்காமல், "அவ சொன்னா. நாந்தான் சரியாக் காதுல வாங்கல" என்றீர்கள். நான் தட்டுக் கழுவப் போனேன்.

அதோடு விட்டேனா? ஆபீசிலும் கல்யாண வீடுகளிலும் அதையே நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பல வருடம் கழித்துப் பக்கவாதத்தில் நீங்கள் போனபோது, துக்க வீட்டிலேயே ஒருவர் அந்தக் கதையைச் சொன்னார். அந்த மூன்று மாதம் காரணமில்லை என்று டாக்டர் சொன்னார். அவரை இரண்டு தடவை சொல்லவைத்தேன். மனசு ஆறவில்லை.

இன்று மதியம் சாப்பாட்டு மேசையில் உங்கள் மகள் உப்பில்லாத டிப்பைத் தொட்டு, நல்லா இருக்கு அத்தை என்றாள். உடனே அண்ணன், "ஒங்கம்மா ஒரு தடவ கிளினிக்ல..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, போதும். மொத தடவ நான் உள்ளயே போகல. படம் பாக்கப் போயிட்டேன். அண்ணி எனக்காகப் பொய் சொன்னாங்க."

அவர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "அவ சாகிற வரைக்கும் அவளத்தானே லா ஏசினேன்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

உங்கள் மகள் மட்டும் வாசலில் நின்று, "நீங்க படத்துக்குப் போனது அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அதற்கு மேல் அவளிடம் சொல்ல முடியவில்லை. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் நீங்கள் ஆசையாகக் கேட்டீர்களே, "படம் நல்லாருந்துச்சா?" என்று. அடுப்படியில் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து முழுக் கதையையும் ஒரு மணி நேரம் சொன்னேன். மிஸ்ஸி உங்களிடம் என்னதான் சொன்னாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, அண்ணி.