முதிரை மேசை

நெளுக்குளம், வவுனியா
12.02.1966

அன்பின் அத்தானுக்கு,

"ஐயா வாறது மெய்தானோ, ரீச்சர்?" தச்சர் பாறூக் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன்.

நீங்கள் கேட்டபடி உங்கள் ஆராய்ச்சிக்கு முதிரை மரத்தில் மேசை செய்துவிட்டார். றோட்டில் லொறி போனாலும் ஆடாது. ஆனால் உங்கள் அறை வாசலுக்குள்ளால் போகாதாம். கதவு நிலையைக் கழற்ற வேண்டுமாம். இப்போதைக்குக் கொட்டிலில் கிடக்கட்டும் என்றேன்.

கண்ணாடி நார் ஓர் அடி தூரம் ஒளிக்கதிரைக் கொண்டுபோனால் வருவேன் என்றீர்கள். பிறகு ஒரு யார், மூன்று அடி, என்றீர்கள். குறையாகச் சொல்லவில்லை, கேட்கிறேன்.

குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுங்கள்.

பத்மாசனி

லண்டன்
04.03.1966

அன்பின் பத்மா,

ஒரு யார் போய்விட்டது! நீர் வகுப்பில் படிப்பிக்கும் அதே செந்நிறக்கீழ்க் கதிர், கண்ணுக்குத் தெரியாத அந்த வெப்பக் கதிர், நாரின் மறுமுனையில் எங்கள் கருவியின் முள்ளை அசைத்தது. இவ்வளவு காலமும் கெடுத்தது கண்ணாடிக்குள் இருந்த ஈரம். இம்முறை காற்றில்லாக் குழாய்க்குள் உருக்கினோம். ஒரு துண்டு அனுப்புகிறேன். கறுப்புக் கண்ணாடி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் இதற்குள்ளால் போகாது. வளைத்தால் முறியும், கவனம்.

எங்கள் கம்பனி இப்போது பத்து யார் கேட்கிறது. இன்னும் இரண்டு வருடம் பிடிக்கும். நீர் இங்கே வரலாமே? மேசையை வைத்திரும்.

உமது
தில்லைநாதன்

நெளுக்குளம்
23.03.1966

அன்பின் அத்தானுக்கு,

நார் முறியாமல் வந்தது. சந்தோஷம், மனதாரத்தான் எழுதுகிறேன்.

நான் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கு வேறு ஆளில்லை. அங்கே நீங்கள் இரவு வரும்வரை நான் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

பத்துக்குப் பிறகு நூறு கேட்பார்கள். ஆராய்ச்சி அப்படித்தான், எனக்கு விளங்குகிறது. விளங்குவதால், நான் தனியே இருக்கும் இந்த வீடு சின்னதாகிவிடவில்லை.

நாளைக்குப் பாறூக்குக்குப் பதில் சொல்லப்போகிறேன்.

பத்மாசனி

24.03. கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. இன்று நடந்தது இது. மேசையைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

"ஐயா கோவிக்க மாட்டாரோ?"

"அவருக்கு அங்கை மேசை இருக்கு."

பாறூக் மேசையை வண்டியில் ஏற்றினார். ஆய்வுகூடத்துக்கு இரட்டைக் கதவு. நேரே உள்ளே போய்விட்டது.

பின்னேரம் உங்கள் அறையைப் பூட்டி இருளாக்கி, நாரின் ஒரு முனையில் ரோச் லைற் அடித்துப் பார்த்தேன். மறுமுனை கறுப்பாகவே இருந்தது. வெப்பக் கதிர் போயிருக்கும். அதை அறிய என்னிடம் கருவி இல்லை.