செல்வியின் கிளிக்கு எழுதிவைத்த தாள்

ஆவணி 12, செவ்வாய்

எழுத்து கோணலாகத்தான் வருகிறது, வரியும் சாய்கிறது. எனக்குப் புரிந்தால் போதும்.

பொன்னமராவதியில் செல்வி வளர்த்த கிளி இன்று செத்துப்போனது.

அதற்குக் கழிச்சல் கண்டிருந்தது. வெள்ளிக்கிழமை பார்க்கப் போனபோது வீட்டில் யாரும் இல்லை. வாசலில் கூண்டு மட்டும் தொங்கியது. கிளி வளர்ப்பவர்களுக்கு நாற்பது வருஷமாக வைத்தியத்தை வாயால்தான் சொல்லி வந்தேன்; எழுதப் படிக்கக் கற்றதே இந்த வருஷம்தான். அன்று முதன்முதலாகத் தாளில் எழுதிக் கூண்டில் செருகினேன். எழுத வந்துவிட்டதே என்று பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

இன்று போனால் செல்வி அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

“நீங்க எழுதிவச்சபடி மூணு வேளையும் பால்சோறுதான் வச்சேன் அய்யா. நாந்தான் சரியாக் கொழைக்கலையோ என்னமோ.”

உள்ளேயிருந்து அவள் மாமியார், “ஒரு கிளியப் பாக்கத் துப்பில்ல, இவ எங்கிட்டுப் பிள்ளைய வளக்கப்போறா?” என்றாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். ‘பால்சோறு வைக்க வேண்டும்’ என்று இருந்தது. கிளிக்குப் பால் செரிக்காது. வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘டா’ போட வேண்டிய இடத்தில் ‘டு’ போட்டிருக்கிறேன்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். “ஒன்மேல தப்பில்லம்மா” என்றேன். அதையும் மெதுவாகத்தான் சொன்னேன். மாமியாருக்குக் கேட்டிருக்காது.

அடுத்த வாரம் போய் மாமியார் முன்னாலேயே தாளைக் காட்டிவிட்டு, நடந்ததை இதில் எழுதுகிறேன்.

இல்லை. அடுத்த வாரம் வரை அந்தப் பெண் எதற்குப் பேச்சு வாங்க வேண்டும்? காலையில் முதல் பஸ்ஸுக்கே போகிறேன்.